'பிக் அப் மீ' தப்பு, 'லுக் ஆஃப்டர் மீ' சரி. இது என்ன நியாயம்?

இரவுப்பணி (கேள்வி)

வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் வாடிக்கையாளர் சேவையில் இருக்கிறேன். ஒன்பது வருஷமாக ஆங்கிலத்தில்தான் மெயில் எழுதுகிறேன். இலக்கணம் ஓரளவு கைவசம் இருக்கிறது என்ற நினைப்பில்தான் இருந்தேன். போன வாரம் ஒருவருக்குப் படிவம் அனுப்பும்போது 'ப்ளீஸ் ஃபில் இன் இட் அண்ட் சென்ட் பேக் இட்' என்று எழுதினேன். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் எட்டிப் பார்த்துவிட்டு, "ஃபில் இட் இன், சென்ட் இட் பேக்னு மாத்துங்க" என்றார். ஏன் என்று கேட்டேன். "காதுக்கு அதுதான் சரியா இருக்கு" என்றார். அவர் காதுக்கு இருக்கிறது சரி, என் காதுக்கு இரண்டும் ஒன்றாகத்தானே இருக்கிறது?

'இட்', 'மீ', 'ஹிம்' எல்லாம் நடுவில்தான் உட்காரும்போல என்று நானே ஒரு விதி போட்டுக்கொண்டேன். அதற்கு ஆயுசு இரண்டு நாள். அடுத்த புகாருக்கு 'ஐ வில் லுக் இட் இன்டு' என்று பதில் எழுதினேன். அவர் வாய்விட்டே சிரித்தார். அது 'லுக் இன்டு இட்' தானாம். அப்படியென்றால் 'ஃபில் இன் இட்' மட்டும் என்ன பாவம் செய்தது?

அதோடு போயிருந்தால் இங்கே வந்திருக்க மாட்டேன். எங்கள் மேலாளர் வேறு நாட்டுக்காரர். புதுப் பொறுப்பு ஒன்றை என் தலையில் வைத்துவிட்டு, 'டோன்ட் வொர்ரி, ஐ வில் சீ யூ த்ரூ' என்று எழுதினார். எனக்குத் தெரிந்த வரையில் 'சீ த்ரூ' என்றால் ஒருவன் போடுகிற வேஷத்தைக் கண்டுகொள்வது. கவலைப்படாதே, உன் வண்டவாளம் எனக்குத் தெரியும் என்கிறாரா? நான் என்ன வேஷம் போட்டேன்? அன்று ராத்திரி தூக்கம் போச்சு. மறுநாள் அகராதியைப் பார்த்தால், 'கடைசிவரை கூட நின்று கரையேற்றுகிறேன்' என்று அர்த்தமாம். நல்லவேளை, கோபத்தில் பதில் எதுவும் எழுதித் தொலைக்கவில்லை.

அதே 'சீ', அதே 'த்ரூ', அதே 'யூ'. இடம் மாறினால் வசவு வாழ்த்தாகிவிடுமா? எது நடுவில் வரும், எது கடைசியில் வரும் என்று கண்டுபிடிக்க ஏதாவது வழி இருக்கிறதா? பட்டியல் கொடுத்து மனப்பாடம் பண்ணச் சொல்லாதீர்கள். அதைச் செய்து பார்த்துவிட்டேன்.

---

கையெழுத்து

இதற்கு இத்தனை யோசனை வேண்டாம் நண்பா. வினையோடு 'அப்', 'இன்' மாதிரி ஒரு துண்டு சேர்ந்து வருவதற்கு ஃப்ரேசல் வெர்ப் என்று பெயர். அதில் பிரிக்கக்கூடியது, பிரிக்கக்கூடாதது என்று இரண்டு வகை. பிரிக்கக்கூடியதில் ப்ரோனவுன் (நீங்கள் சொன்ன 'இட்', 'மீ', 'ஹிம்' போன்றவை) நடுவில் வரும், மற்றதில் கடைசியில். எது எந்த வகை என்பதற்குப் பட்டியல்தான் வழி. (பட்டியல் வேண்டாம் என்றுதான் எழுதியிருக்கிறீர்கள், இருந்தாலும் நாங்கள் எல்லாரும் அப்படித்தான் படித்தோம்.)

---

மெய்ப்புக்காரி

மேலே உள்ள பதிலில் தப்பில்லை. ஆனால் கேட்டவரின் தலைவலி அதில் தீராது. 'சீ த்ரூ' பிரிக்கக்கூடியதா, கூடாததா? இரண்டும்தான். அப்புறம் எந்தப் பட்டியலில் போடுவது?

நான் இயந்திரங்களோடு வரும் பயனர் கையேடுகளைத் திருத்துகிறவள். 'ஸ்விட்ச் ஆஃப் இட் பிஃபோர் க்ளீனிங்' என்ற வரியை எத்தனை தடவை அடித்துத் திருத்தியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. எழுதுகிறவர்கள் ஆங்கிலம் நன்றாக அறிந்தவர்கள். நிகழ்காலம், இறந்தகாலம், ஒருமை, பன்மை எதிலும் பிசக மாட்டார்கள். இந்த ஒரு இடத்தில் வந்து வழுக்குவார்கள், அதுவும் நம் ஆட்கள் அதிகமாக. ஏன் என்று ரொம்ப நாள் யோசித்ததில் எனக்கு ஒரு காரணம் பிடிபட்டது.

தமிழில் பேசும்போது நாம் என்ன சொல்கிறோம்? 'லைட்டை ஆஃப் பண்ணு.' 'என்னைப் பிக்கப் பண்ணிக்கோ.' 'ஃபைலைப் பேக்கப் எடு.' 'லாகின் பண்ணு.' ஆங்கிலத்தில் இரண்டு சொல்லாக நடமாடுவதை நாம் கடன் வாங்கும்போதே பற்றவைத்து ஒரு சொல்லாக்கி, பின்னால் ஒரு 'பண்ணு' போட்டுக்கொண்டோம். நம் வாயில் பிக்கப் என்பது ஒற்றைச் சொல். ஒற்றைச் சொல்லின் வயிற்றைக் கிழித்து நடுவே 'மீ'யை வைக்க யாருக்காவது தோன்றுமா? அதனால்தான் 'பிக்கப் மீ' என்று வருகிறது. அந்தப் பற்றவைப்பை முதலில் உடையுங்கள். ஆங்கிலத்தில் 'பிக்' ஒரு ஆள், 'அப்' இன்னொரு ஆள்.

(பெயர்ச்சொல்லாக வரும்போது ஆங்கிலக்காரர்களும் ஒட்டித்தான் எழுதுவார்கள். 'பேக்கப்' என்று சேர்த்து எழுதினால் பெயர், 'பேக் அப்' என்று பிரித்து எழுதினால் வினை. கையேடுகளில் இதைப் பிரித்துவைத்தே எனக்குப் பாதி நாள் போகிறது.)

சரி, அந்த 'அப்' யாருடைய ஆள்? மொத்தக் கேள்வியும் இதில்தான் இருக்கிறது. ஆங்கில வகுப்புகளில் காட்டுகிற பழைய ஜோடி ஒன்று உண்டு. அதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

'ஷி ரேன் அப் எ ஹில்.'
'ஷி ரேன் அப் எ பில்.'

முதலாமவள் குன்றின்மேல் ஓடினாள். இரண்டாமவள் செலவுக்கு மேல் செலவு செய்து பில்லை ஏற்றிவிட்டாள். சொல் வரிசை அச்சு அசலாக ஒன்றுதான். முதல் வாக்கியத்தில் 'அப்' குன்றோடு சேர்ந்த ஆள். எங்கே ஓடினாள்? 'அப் எ ஹில்.' குன்றின்மேல் என்பதில் 'மேல்' எப்படிக் குன்றை விட்டு நகராதோ அப்படி. நம் வேற்றுமை உருபு செய்யும் வேலையை இங்கே ப்ரிபோசிஷன் செய்கிறது. நாம் பெயருக்குப் பின்னால் ஒட்டுகிறோம், அவர்கள் முன்னால் வைக்கிறார்கள், அவ்வளவுதான். 'அவனை' என்பதில் 'அவன்' ஓரிடத்திலும் 'ஐ' இன்னோர் இடத்திலும் நிற்குமா? நிற்காது. ஆகவே குன்று என்பதை 'இட்' ஆக்கினாலும் 'அப்' அதன் முன்னாலேயே நிற்கும்: 'ஷி ரேன் அப் இட்.'

இரண்டாவதில் 'எங்கே ஓடினாள்?' என்று கேட்டுப் பாருங்கள். 'அப் எ பில்' என்று பதில் வருமா? வராது. இங்கே 'அப்' பில்லின் ஆள் இல்லை, 'ரன்' என்பதன் கூட்டாளி. இரண்டும் சேர்ந்தால்தான் 'கணக்கு ஏறவிடு' என்ற அர்த்தமே கிடைக்கிறது. இந்த மாதிரி 'அப்'பை ப்ரிபோசிஷன் என்று சொல்ல மாட்டார்கள், பார்ட்டிக்கிள் என்பார்கள். ப்ரோனவுன் நடுவில் புகுவது இங்கேதான்: 'ஷி ரேன் இட் அப்.'

இப்போது உங்கள் இரண்டு மெயில்களையும் பாருங்கள். 'லுக் இன்டு இட்' என்பதில் 'இன்டு' புகாரோடு ஒட்டியது. எதற்குள் பார்க்கிறாய்? அதற்குள். ஆகவே 'இன்டு இட்' பிரியாது. 'ஃபில் இன்' என்பதில் படிவத்துக்குள் குதித்து நிரப்பச் சொல்லவில்லை. 'ஃபில்'லும் 'இன்'னும் கூட்டு சேர்ந்து 'பூர்த்தி செய்' ஆகின்றன. ஆகவே 'ஃபில் இட் இன்'.

ஏன் நடுவில்தான் வர வேண்டும், கடைசியில் வந்தால் என்ன என்று அடுத்து கேட்பீர்கள். முழுப் பெயர் என்றால் ஆங்கிலம் இரண்டு இடத்தையும் கொடுக்கிறது. 'டர்ன் ஆஃப் தி லைட்', 'டர்ன் தி லைட் ஆஃப்' இரண்டும் சரி. (நான் எழுதும் 'ஆஃப்' எல்லாம் இரண்டு எஃப் உள்ள ஆஃப். ஒற்றை எஃப் வரும்போது சொல்கிறேன்.) ப்ரோனவுனுக்குத்தான் அந்தச் சலுகை இல்லை. ஆங்கில வாக்கியத்தின் கடைசி இருக்கை கனமான ஆளுக்கு, அதாவது புதுத் தகவலுக்கு. அழுத்தமும் அங்கேதான் விழும். 'இட்' என்பது ஏற்கெனவே பேசிவிட்ட பொருள். புதுசாக அதில் ஒன்றும் இல்லை, அழுத்தமும் கிடையாது. அதைக் கொண்டுபோய்க் கடைசியில் உட்காரவைத்தால் வாக்கியம் பொசுக்கென்று முடிந்ததுபோல ஆங்கிலக் காதுக்குப் படும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. பெயர் மிக நீளமாக இருந்தால் நடுவில் அது தாங்காது. 'டர்ன் தி லைட் தட் யூ லெஃப்ட் ஆன் லாஸ்ட் நைட் ஆஃப்' என்று எழுதிப் பாருங்கள். கடைசி 'ஆஃப்' வருவதற்குள் மூச்சு வாங்கும். 'டர்ன் ஆஃப்' என்று முதலில் சொல்லிவிட்டு மீதியைப் பின்னால் நீட்டுவதுதான் வழக்கம். சின்னது முன்னால், பெரியது பின்னால் என்ற இந்தப் போக்கை ஓட்டோ பெஹாகல் என்ற ஜெர்மானிய மொழியியலாளர் 1909இல் ஒரு விதியாகவே எழுதிவைத்தார். ஜெர்மன் ஆங்கிலத்தின் ஒன்றுவிட்ட சகோதரிதானே. 'அதைத் திற' என்பதற்கு அங்கேயும் 'மாக் எஸ் அவுஃப்' என்று 'அதை' நடுவில்தான் வரும்.

கடைசியாக, இடம் மாறினால் அர்த்தம் மாறுமா என்றீர்களே. நம் மொழியில் மாறுவதில்லையா? 'அவனைக் கண்டுபிடித்தேன்' என்று சொல்லுங்கள். இப்போது 'அவனை' நடுவில் நுழையுங்கள்: 'கண்டு அவனைப் பிடித்தேன்.' முதலாவதில் தேடிக் கிடைத்தான், இரண்டாவதில் பார்த்ததும் கையைப் பிடித்துவிட்டேன். கூட்டு உடைந்ததும் 'கண்டு' வெறும் வினையெச்சமாகிவிட்டது. நம் கூட்டுவினை நடுவில் பெயரை விடாது. ஆனால் 'ஏ', 'தான்' போன்ற குட்டிகளை விடும். 'விட்டே கொடுக்க மாட்டான்', 'விட்டுத்தான் கொடேன்' என்கிறோம் இல்லையா? ஆங்கிலத்தில் 'இட்', 'மீ' எல்லாம் அந்தக் குட்டிகள் மாதிரி. சின்ன உருவம், அழுத்தம் இல்லை, சந்தில் புகுந்துவிடும்.

உங்கள் மேலாளர் கதைக்கு வருகிறேன். 'சீ த்ரூ யூ' என்பதில் 'த்ரூ' உங்களோடு ஒட்டியது. உங்களை ஊடுருவிப் பார்க்கிறார், கண்ணாடி வழியாகப் பார்ப்பதுபோல. 'சீ யூ த்ரூ' என்பதில் 'த்ரூ' உங்களைத் தொடவே இல்லை, அது வினையின் ஆள். உங்களை மறுகரை வரைக்கும் கொண்டுபோய் விடுகிறார். ஒரு ராத்திரித் தூக்கம் போனதற்கு இந்த ஒட்டுதான் காரணம்.

---

இரவுப்பணி

அக்கா, 'கண்டு அவனைப் பிடித்தேன்' என்று படித்ததும் பளிச்சென்று புரிந்துவிட்டது. பிக்கப் விஷயமும் நூற்றுக்கு நூறு உண்மை. 'பிக் அப்' என்று பிரித்து எழுத இப்போதும் கை வர மறுக்கிறது.

ஒரு சந்தேகம். எதற்குள் பார்க்கிறாய், எங்கே ஓடினாய் என்று கேட்டுப் பார்க்கச் சொன்னீர்கள். 'லுக் ஆஃப்டர் ஹெர்' என்பதில் அது வேலை செய்யவில்லையே? அவளுக்குப் 'பின்னால்' யாரும் பார்க்கவில்லை. 'பார்த்துக்கொள்' என்ற அர்த்தம் இரண்டும் சேர்ந்துதான் வருகிறது. அப்படியானால் 'லுக் ஹெர் ஆஃப்டர்' என்றல்லவா வர வேண்டும்?

---

ஓசைப்பித்து

நல்ல கேள்வி. அர்த்தத்தை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் இந்த இடத்தில் மாட்டிக்கொள்வோம். 'லுக் ஆஃப்டர்' அர்த்தத்தில் ஒட்டிக்கொண்டாலும் இலக்கணத்தில் 'ஆஃப்டர்' ப்ரிபோசிஷனாகவே இருந்துவிட்டது. அதைக் காதால்தான் பிடிக்க வேண்டும். நான் மேடை நாடகத்துக்கு உச்சரிப்புப் பயிற்சி கொடுப்பவன். என் வழி எனக்கு.

'வாட் ஆர் யூ லுக்கிங் அட்?' என்று சத்தமாகச் சொல்லுங்கள். சத்தம் எங்கே ஏறுகிறது? 'லுக்'கில். 'அட்' கடைசியில் நின்றாலும் அடங்கித்தான் கிடக்கிறது. இப்போது 'வாட் டிட் யூ லுக் அப்?' என்று கேளுங்கள், அகராதியில் எதைத் தேடினாய் என்ற அர்த்தத்தில். இப்போது 'அப்' ஏறிவிடும். பார்ட்டிக்கிள் என்றால் அழுத்தம் வாங்கும், சின்ன ப்ரிபோசிஷன் என்றால் வாங்காது. 'லுக் இட் அப்' சொல்லும்போது மேளத்தில் கடைசி அடி 'அப்'பில். 'லுக் அட் இட்' சொல்லும்போது முதல் அடி 'லுக்'கில், மீதி இரண்டும் சும்மா ஒட்டிக்கொண்டு போகும். 'ஆஃப்டர்' மாதிரி இரண்டு அசை உள்ளவற்றில் இது அவ்வளவு துல்லியமாகக் கேட்காது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அதற்கு வேறு ஒரு சோதனை. நடுவில் 'விரைவாக', 'கவனமாக' மாதிரி ஒன்றைச் செருகிப் பாருங்கள். 'ஷி ரேன் குவிக்லி அப் தி ஹில்' ஒத்துவரும். 'ஷி ரேன் குவிக்லி அப் தி பில்' எந்த ஆங்கிலக்காரர் காதிலும் ஒத்துவராது. வினையும் பார்ட்டிக்கிளும் கைகோத்து நிற்கும்போது நடுவில் ப்ரோனவுனோ முழுப் பெயரோதான் புகலாம், இந்த மாதிரி ஆட்களுக்கு இடமில்லை.

பெயர்ச்சொல்லில் அழுத்தம் முன்னால் போய்விடும் என்பதையும் கவனியுங்கள். 'பேக்கப்' என்றால் 'பேக்' உயரும், 'பேக் இட் அப்' என்றால் 'அப்' உயரும். நாம் கடன் வாங்கியது பெயர்ச்சொல்லின் ஓசையை. அதனால்தான் மேலே சொன்ன அந்தப் பற்றவைப்பு இவ்வளவு கெட்டியாக இருக்கிறது.

இன்னொன்று, உங்களுக்கு ஆறுதலாக இருக்கும். சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட அகராதியின் முன்னுரையிலேயே, வினையோடு இப்படி ஒரு துண்டைச் சேர்த்து அர்த்தத்தை மாற்றுவதுதான் வெளியாருக்கு எங்கள் மொழியில் மிகப் பெரிய சங்கடம் என்று ஒத்துக்கொண்டிருக்கிறார். 'ஃப்ரேசல் வெர்ப்' என்ற பெயர் அப்போது கிடையாது. 1925இல்தான் லோகன் பியர்சால் ஸ்மித் அந்தப் பெயரைப் புத்தகத்தில் போட்டார். பெயரை யோசித்துச் சொன்னவர் ஆக்ஸ்ஃபோர்டு அகராதி ஆசிரியர்களில் ஒருவரான ஹென்றி பிராட்லி என்று அதிலேயே குறிப்பிட்டும் இருக்கிறார். பெயரில்லாமலே இத்தனை காலம் ஆட்டிவைத்திருக்கிறது பாருங்கள்.

---

கையெழுத்து

ஓசை, மேளம் எல்லாம் சரி ஐயா. மெயில் தட்டும்போது யார் சத்தமாகப் படித்துப் பார்ப்பார்கள்? அலுவலகத்தில் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

இன்னொரு சந்தேகமும் இருக்கிறது. ஆங்கிலேயர் ஒருவரே 'பிக் அப் ஹிம்' என்று சொன்னதை என் காதால் கேட்டிருக்கிறேன். அவருக்கு விதி கிடையாதா?

---

மெய்ப்புக்காரி

அவர் முழு வாக்கியமும் என்ன சொன்னார் என்று ஞாபகம் இருக்கிறதா? 'பிக் அப் ஹிம், நாட் ஹெர்' மாதிரி ஏதாவது இருந்திருக்கும். 'அவனை' என்பதில் அழுத்தம் கொடுத்து, அவளை இல்லை என்று சொல்லும்போது ப்ரோனவுன் கனமாகிவிடுகிறது. கனமான ஆளுக்குக் கடைசி இருக்கை கிடைக்கும். 'பிக் அப் ஹிம் அண்ட் ஹிஸ் வைஃப்' என்றாலும் அப்படியே, 'ஹிம்' தனியாக இல்லை, துணையோடு வருகிறார். 'சம்திங்', 'எவ்ரிஒன்', 'ஒன்' போன்றவற்றுக்கும் இந்தக் கட்டாயம் கிடையாது. 'பிக் அப் சம்திங்', 'பிக் சம்திங் அப்' இரண்டும் நடக்கும். கண்டிப்பு எல்லாம் 'மீ, யூ, ஹிம், ஹெர், இட், அஸ், தெம்' என்ற ஏழு பேருக்குத்தான்.

மெயில் தட்டுகிறவர்களுக்கு, நான் வேலையில் வைத்துக்கொண்டிருக்கும் குறுக்குவழியைச் சொல்கிறேன். வினையைப் பார்க்காதீர்கள், பின்னால் வரும் துண்டைப் பாருங்கள். வினைகள் ஆயிரக்கணக்கில், துண்டுகள் இருபது முப்பதுதான்.

'அட், ஃபார், ஃப்ரம், வித், இன்டு, ஆஃப்டர், அகெய்ன்ஸ்ட்', அப்புறம் ஒற்றை எஃப் 'ஆஃப்': இவை இந்த மாதிரி இடங்களில் ப்ரிபோசிஷன்தான். அடுத்து ஒரு பெயர் இல்லாமல் இவற்றுக்குப் பிழைப்பில்லை. 'லுக் ஆஃப்டர் ஹெர்', 'வெயிட் ஃபார் மீ', 'டீல் வித் இட்'. யோசிக்காமல் ப்ரோனவுனைக் கடைசியில் போடலாம். 'ஆஃப்டர்' கேள்விக்கும் இதுதான் பதில்.

'அவே, பேக், டுகெதர், அபார்ட்' நேர் எதிர். இவை ப்ரிபோசிஷனாக வரவே வராது. 'பேக் தி ஹவுஸ்' என்று ஒன்று உண்டா? ஆகவே 'த்ரோ இட் அவே', 'சென்ட் இட் பேக்', 'டேக் இட் அபார்ட்'. இங்கேயும் யோசனை தேவையில்லை.

யோசிக்க வேண்டியது இரண்டு வேஷமும் போடும் ஆட்களிடம்தான்: 'அப், டவுன், இன், ஆன், ஓவர், த்ரூ, அக்ராஸ்', இரண்டு எஃப் 'ஆஃப்'. பேருந்திலிருந்து இறங்கினால் 'கெட் ஆஃப் இட்'. சட்டையில் பட்ட கறையை எடுத்தால் 'கெட் இட் ஆஃப்'. தற்செயலாகக் கண்ணில் பட்டால் 'கேம் அக்ராஸ் இட்'. சொல்ல வந்ததை எதிராளிக்குப் புரியவைத்தால் 'காட் இட் அக்ராஸ்'. 'ஆன்' விஷயத்தில் ரொம்ப ஜாக்கிரதை. மீட்டிங்கில் ஒருவர் திடீரென்று உங்கள்மேல் பாய்ந்தார் என்றால் 'ஹி டர்ன்ட் ஆன் மீ'. 'ஹி டர்ன்ட் மீ ஆன்' என்று எழுதினீர்களானால் கதையே வேறு, மனிதவளத் துறையிலிருந்து கூப்பிடுவார்கள்.

மூன்று துண்டாக வருவதும் உண்டு. அதில் பலர் மிரள்வார்கள், உண்மையில் அதுதான் சுலபம். 'புட் அப் வித் இட்', 'லுக் ஃபார்வர்ட் டு இட்', 'லுக் டவுன் ஆன் ஹிம்' இவற்றில் கடைசித் துண்டு ப்ரிபோசிஷன். ப்ரோனவுன் அதன் பின்னால். முடிந்தது. இரண்டு ப்ரோனவுன் சேர்ந்து வந்தால்தான் அழகு: 'டோன்ட் டேக் இட் அவுட் ஆன் மீ.' யார் மேலோ உள்ள கோபத்தை என்மேல் காட்டாதே. 'இட்' என்கிற கோபம் வினையின் செயப்படுபொருள், 'அவுட்'டுக்கு முன்னால் சந்தில் புகுந்துவிட்டது. 'மீ' என்பது 'ஆன்' உடைய ஆள், அதன் பின்னால் நிற்கிறது. மொத்த விதியும் இந்த ஆறு சொல்லில் இருக்கிறது. 'ஐ வில் டேக் யூ அப் ஆன் இட்' என்பதும் அதே அச்சு.

---

ஓசைப்பித்து

கொஞ்சம் குறுக்கிடுகிறேன். இந்த விதிக்குள் அடங்காத பிடிவாதக்காரர்களும் இருக்கிறார்கள். 'க்ரை யுவர் ஐஸ் அவுட்' என்பதில் பெயர் முழுசாக இருந்தும் நடுவில்தான் நிற்கும். 'கிவ் அப் ஹோப்' என்பதில் 'ஹோப்' பின்னால்தான் சொல்வார்கள். இவை மரபாக உறைந்துபோனவை, அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

---

கையெழுத்து

சரி, பட்டியல் வேண்டாம் என்று ஒத்துக்கொள்கிறேன், துண்டுகளின் பட்டியல் தவிர. என் பங்குக்கு ஒன்று. ஆங்கிலம் கற்பவர்களுக்கான அகராதிகள் சிலவற்றில் ஃப்ரேசல் வெர்பைக் கொடுக்கும் இடத்தில் இரண்டு தலை உள்ள அம்புக்குறி ஒன்று போட்டிருப்பார்கள், இடமும் வலமும் காட்டுகிற மாதிரி. ஆக்ஸ்ஃபோர்டு, லாங்மன் இரண்டிலும் பார்த்திருக்கிறேன். அந்த அம்பு இருந்தால் பெயர் இருபக்கமும் போகலாம், ப்ரோனவுன் நடுவில் வரும் என்று பொருள். அம்பு இல்லாவிட்டால் போட்டிருக்கிற வரிசைதான். வெகுநாள் அது அச்சுப்பிழை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

---

இரவுப்பணி

அந்த அம்புக்குறியை நான் கண்டுகொண்டதே இல்லை. இப்போது திறந்து பார்த்தேன், பக்கத்துக்குப் பக்கம் இருக்கிறது!

என் பழைய மெயில்களைத் தோண்டிப் பார்த்தேன். 'ஐ வில் கால் பேக் யூ' பதினோரு இடத்தில். 'டிஸ்கஸ் அபவுட் இட்' எத்தனை என்று எண்ணவில்லை, அது வேறு கேஸ் என்று தெரியும். தமிழில் 'அதைப் பற்றி' என்று மனசுக்குள் ஓடுவதால் 'அபவுட்' தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது. தனி இழை திறக்கிறேன்.

நேற்று எழுதியது இது, சரியா என்று சொல்லுங்கள்: 'ப்ளீஸ் லுக் இட் ஓவர், ஃபில் இட் இன் அண்ட் சென்ட் இட் பேக் டு மீ.' மூன்று 'இட்' நடுவில், 'மீ' மட்டும் 'டு'வுக்குப் பின்னால். மேலாளர் 'கிரேட், லெட்ஸ் கெட் இட் ஓவர் வித்' என்று பதில் போட்டார். அதில் 'வித்' பின்னால் ஆளே இல்லாமல் அந்தரத்தில் தொங்குகிறதே அக்கா? 'வித்'துக்குப் பெயர் இல்லாமல் பிழைப்பில்லை என்றீர்களே?

---

மெய்ப்புக்காரி

உங்கள் வாக்கியத்தில் ஒரு எழுத்துகூடத் தொட மாட்டேன்.

'கெட் இட் ஓவர் வித்' எங்கிருந்து வந்து மாட்டியது! அது உறைந்துபோன கூட்டம், சகோதரர் சொன்ன 'ஐஸ் அவுட்' மாதிரி. 'இட்' நடுவில், 'வித்' வாலில், பின்னால் யாரும் இல்லை. சீக்கிரம் முடித்துத் தொலைப்போம் என்று அர்த்தம். உங்களைத் திட்டவில்லை, தூங்குங்கள்.